வாய்மடைக் கல்லின் வயது

போலகம்,
10-5-1984

அமுதம்,

உன் மாமன் மருதையன் சுகமாக இருக்கிறேன். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. ஐதராபாத்தில் மாசம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவளுக்கு என்ன குறை? முறை மாப்பிள்ளை என் மகன் முத்தையனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பாறைப் படிப்பு என்று கல்லைக் கட்டிக்கொண்டு போனவள் நீ. ஆறு வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இப்போது எழுதுவதால் கோபம் தீர்ந்தது என்று நினைத்துவிடாதே. உன் படிப்பு முதல் தடவையாக ஓர் ஆளுக்கு உபயோகப்படப் போகிறது. அந்த ஆள் நான்.

விஷயம் இது. வாய்க்கால் கரையில், நம் வயல் முடிந்து பூவாயி வயல் தொடங்கும் இடத்தில், ஓர் எல்லைக்கல் நிற்கிறது. பூவாயியை உனக்குத் தெரியும். செத்துப்போன செல்லையன் பெண்டாட்டி. மூன்று மா நிலத்தை வைத்துக்கொண்டு முப்பது வேலிக்காரி மாதிரி நடக்கிறவள். அந்தக் கல் பிரெஞ்சுக்காரன் நட்டது. நட்ட அன்றைக்கு என் பாட்டன் பக்கத்தில் நின்றார். துரை அவர் தோளில் கைபோட்டு, 'முசியே, இந்தக் கல் இனி உம் பொறுப்பு' என்று சொன்னானாம். கேள்விப்பட்டதுதான். ஆனால் நானே பார்த்த மாதிரி இருக்கிறது.

அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? கல் முன்பு பத்தடி மேற்கே இருந்ததாம். எண்பதில், புருஷன் செத்த கையோடு, நான் அதைப் பிடுங்கிக் கிழக்கே நட்டுவிட்டேனாம். அதனால் அவள் வயலுக்குத் தண்ணீர் போகிற வாய்மடை என் பக்கம் வந்துவிட்டதாம். நாலு வருஷம் பெரிய மனசு பண்ணித் தண்ணீர் விட்டேன். இந்த வருஷம் மடையை அடைத்துவிட்டேன். என் எல்லைக்குள் இருக்கிற ஓட்டையை நான் அடைக்கக்கூடாதா? ஆடியில் தண்ணீர் வரும். மடை இல்லாவிட்டால் அவள் நிலம் காயும். காய்ந்தால் விற்பாள். பக்கத்து வயல்காரனைத் தவிர அதை வாங்க எவன் வருவான்? இதில் என்ன தப்பு?

அவள் தாசில்தாருக்கு மனு போட்டிருக்கிறாள். பழைய நில அளவுப் படத்தைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. தாசில்தார் ஆடியில் நேரில் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வாராம். அதற்குள் எனக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். கல்லில் ஒரு சில்லு பெயர்த்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கல்லின் வயதை மிஷினில் கண்டுபிடிப்பாய் என்று உன் அம்மா காசியம்மா ஊரில் இருந்தபோது பெருமை அடித்திருக்கிறாள். கண்டுபிடி. 'இது ரொம்பப் பழைய கல்' என்று எழுதி முத்திரை குத்தி அனுப்பு. முத்திரை பெரிதாக இருக்கட்டும்.

மருதையன்
(பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு. ஆறாவதை நானாகத்தான் வேண்டாம் என்றேன்.)


ஐதராபாத்,
24-5-1984

மாமாவுக்கு,

கடிதமும் சில்லும் கிடைத்தன. சில்லை மேசைமேல் வைத்திருக்கிறேன். காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

வயது கேட்டீர்கள். இதற்கு மிஷின் தேவையில்லை. இந்த ரகக் கருங்கல்லைப் பலர் அளந்து வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய இருநூற்றைம்பது கோடி வருஷம். எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். பாறை இறுகும்போது அதற்குள் சில அணுக்கள் மாட்டிக்கொள்கின்றன. அவை தாமாகவே, மாறாத ஒரு வேகத்தில், வேறு அணுக்களாக மாறிக்கொண்டே இருக்கும். யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாக ஈயம் ஆகும். எவ்வளவு ஈயம் ஆயிற்று, எவ்வளவு யுரேனியம் மிச்சம் என்று அளந்தால், பாறை இறுகி எத்தனை காலம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். வெயில், மழை, தாசில்தார், யாரும் அந்த வேகத்தை மாற்ற முடியாது.

ஆனால் இது கல் பிறந்த காலம். கல்லை நட்ட காலம் அல்ல. உங்கள் வீட்டு அம்மிக்கும் அநேகமாக இதே வயதுதான். அதற்காக இருநூற்றைம்பது கோடி வருஷமாக உங்கள் வீட்டில் சட்னி அரைக்கிறார்கள் என்று ஆகாது. போலகத்தில் எவ்வளவு ஆழம் கிணறு வெட்டினாலும் ஆறும் கடலும் கொண்டுவந்து போட்ட மண்தான் வரும். அந்த ஊரில் உள்ள ஒவ்வொரு கருங்கல்லும் யாரோ வண்டியில் ஏற்றி வந்தது. ஒருமுறை இடம் மாறிய கல் இன்னொரு முறையும் மாறலாம்.

ஆகவே சான்றிதழ் கிடையாது. பூவாயி சின்னம்மாவின் மடையைத் திறந்துவிடுங்கள். கல்லைக் கட்டிக்கொண்டேன் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். அது தன்னைப் பற்றி ஒன்றைச் சொன்னால் நான் பாதியைக் கழிக்க வேண்டியதில்லை.

அமுதம்


போலகம்,
5-6-1984

அமுதம்,

சபாஷ்! உன் உடம்பில் ஓடுவது எங்கள் வீட்டு ரத்தம்தான். இருநூற்றைம்பது கோடி! ஓர் ஐந்நூறு வருஷம் கிடைத்தால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பூமிநாதன் டீக்கடையில் உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். கோடி வருகிற வரி வரைக்கும் படித்தேன். அதற்குக் கீழே நீ கிறுக்கியிருந்ததை மடித்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டேன். கடை நிறையக் கூட்டம். வீதியில் போன பஸ்கூட நின்று கேட்டது.

"எத்தன கோடிங்க?" என்றான் பூமிநாதன். ஆற்றிக்கொண்டிருந்த டீ அப்படியே நின்றது.

"எரநூத்தம்பது."

"அப்ப பிரெஞ்சுக்காரன்?"

"அவன் நேத்து வந்தவன்டா."

அற்புதராஜ் வாத்தியார் இருக்கிறாரே, எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிற ஆள். "மருதையன், மனுசப்பயலே ஒலகத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆவுது. அதுக்கு முன்னாடி ஒங்க வயலுக்கு எல்லக்கல்லு நட்டது யாரு?" என்றார்.

"ஒங்க ஆதாமு" என்றேன். வாத்தியார் டீயை விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். பதில் இருந்தால் போயிருப்பாரா?

சாயங்காலம் பூவாயி வந்தாள். வாசல்படிக்குக் கீழேயே நின்றாள்.

"அமுதமாண்ணே எழுதியிருக்கு? எம் மடியில வச்சு சோறு ஊட்டுன புள்ளயாச்சே."

"அதான். தெரிஞ்சவ எழுதியிருக்கா."

"அதுவே சொல்லிருச்சுன்னா நான் என்னத்த சொல்றது?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நெலத்துக்கு என்னா வெல போடுவீங்க?"

பார்த்தாயா? மனு போட்டவளின் வாயில் இருந்தே விலை வந்துவிட்டது. தாசில்தார் ஆடி பதினொன்று வருகிறார். அவர் சொன்னதும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். வயிற்றுப்பாட்டுக்கு நாகூரில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிறாளாம். போகட்டும், நல்ல ஊர்.

இன்னும் அந்த முத்திரைக் காகிதம் ஒன்று வந்துவிட்டால் தாசில்தார் வாயும் அடைபட்டுவிடும். சட்னி, அம்மி எல்லாம் எழுதாமல் சுருக்கமாக எழுது.

மருதையன்


ஐதராபாத்,
16-6-1984

மாமாவுக்கு,

என் கடிதத்தை மடித்துப் படித்திருக்கிறீர்கள். சின்னம்மா விலை கேட்டது என் பெயரால். அதைப் படித்த பிறகு இரண்டு நாள் ஆபீசில் வேலை ஓடவில்லை.

சரி. நீங்கள் கேட்ட சான்றிதழைத் தருகிறேன். முத்திரை உங்கள் உள்ளங்கை அளவு இருக்கும். ஆனால் அதற்குக் கல் போதாது. மண்ணைப் பார்க்க வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு கல் எப்போது பிறந்தது என்பதற்குத்தான் மிஷின். ஒன்று எப்போது நடந்தது என்பதற்குக் கண் போதும். விதிகளை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அடுக்கடுக்காகக் கிடக்கும் மண்ணில் அடியில் கிடப்பது முந்தி வந்தது, மேலே கிடப்பது பிந்தி வந்தது. ஓர் அடுக்கை ஏதாவது வெட்டிக்கொண்டு இறங்கியிருந்தால், வெட்டுப்பட்ட அடுக்கு முந்தியது, வெட்டியது பிந்தியது. அந்த அடுக்கு எந்த வருஷம் வந்தது என்று நமக்குத் தெரிந்திருந்தால், வெட்டியது அந்த வருஷத்துக்குப் பிறகுதான் என்று அடித்துச் சொல்லலாம். மலைக்கும் இதுதான். வாய்க்கால் கரைக்கும் இதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது: கல்லை ஒட்டி இடுப்பாழம் ஒரு குழி. சுவரை மண்வெட்டியால் வழவழப்பாகச் செதுக்கித் தண்ணீர் தெளியுங்கள். நிறங்கள் பிரிந்து தெரியும். மேலிருந்து கீழே என்ன நிறம், எத்தனை விரல்கடை, கல்லுக்குப் பக்கத்தில் எப்படி, ஆறடி தள்ளி எப்படி, கல்லுக்கு அடியில் என்ன என்று எழுதுங்கள். பூவாயி சின்னம்மா சொல்லும் இடத்திலும் அதேபோல் இன்னொரு குழி. இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும். அதில் ஒன்று அற்புதராஜ் வாத்தியாருடையதாக இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்கிறாள் அம்மா. தம்பிக்குக் குனிந்து மண் வெட்டுகிற பழக்கமெல்லாம் போய்விட்டதாம்.

அமுதம்


போலகம்,
29-6-1984

அமுதம்,

உன் அம்மாவிடம் சொல். தம்பி வெட்டினான். இடுப்பாழம் கேட்டாய், மார்பாழம் வெட்டினேன். ஊர் முழுக்க வந்து கரையில் உட்கார்ந்துவிட்டது. பக்கத்துப் பட்டினத்தில் இருந்து ஆட்கள் வந்தார்கள். கடலைக்காரனுக்கு அன்றைக்கு நல்ல வியாபாரம்.

சுவரைச் செதுக்கினேன் பார், கண்ணாடி. முகம் பார்க்கலாம். தண்ணீர் தெளித்ததும் நிறங்கள் புடவைக்கரை போட்ட மாதிரி வந்துவிட்டன. நீ கேட்டபடி எழுதுகிறேன்.

மேலே இரண்டு சாண் கரைமண். அதற்குக் கீழே நாலு விரல்கடை வெள்ளை மணல். அது எழுபத்தேழு நவம்பர் புயல் மணல், எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு உடைத்துக்கொண்டு ஊரெல்லாம் மணலைக் கொட்டியது. வயலில் கிடந்ததைக் கூலி கொடுத்து வாரினோம். கரைமேல் கிடந்ததை யார் வாருவார்? அதன்மேலேயே மண்ணைப் போட்டுக் கரையை உசத்திவிட்டோம். அதனால் அது போளிக்குள் பூரணம் மாதிரி அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே கறுப்புக் களி, அதற்கும் கீழே அதே களி.

இனி கேள், அதிசயத்தை. கரை நெடுக ஓடி வருகிற அந்த மணல், கல்லுக்கு ஒரு முழம் இருக்கும்போதே நின்றுவிட்டது! கத்தியால் அறுத்த மாதிரி. நாலு பக்கமும் அப்படித்தான். அந்த ஒரு முழத்துக்குள் கறுப்பும் வெள்ளையும் கலந்த மண், நடுவில் வைக்கோல்கூடக் கிடந்தது. பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. அவ்வளவு பெரிய வெள்ளம், கல்லுக்கு மரியாதை கொடுத்து ஒரு முழம் விலகிப் போயிருக்கிறது! கூட்டத்தைப் பார்த்து இதைச் சொன்னேன். இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பூவாயி மட்டும் குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏண்ணே, வெலகிப்போன மணலு கல்லுக்கு அடியில எப்புடிப் பூந்துச்சு?"

கல்லின் அடியில் மணல் கட்டி கட்டியாகக் கிடந்தது வாஸ்தவம்தான்.

"அது கால்ல வுழுந்து கும்புட்ட மணலு" என்றேன். கூட்டம் சிரித்துவிட்டது.

அவள் காட்டின இடத்திலும், பத்தடி மேற்கே, வெட்டினேன். அங்கே அதே மணல் ஓடுகிறது. நடுவில் ஒரு சாண் அகலத்துக்குச் சதுரமாக ஓர் ஓட்டை, களிமண் அடைத்துக் கிடக்கிறது. எலி வளை. மூடிவிட்டேன்.

எல்லாவற்றையும் அற்புதராஜ் வாத்தியார் படம் போட்டு, விரல்கடை அளந்து, அடியில் கையெழுத்துப் போட்டார். என்னமோ ரொம்ப உற்சாகமாக இருந்தார். பகையை மறந்துவிட்டார் போலிருக்கிறது. பூமிநாதன் இரண்டாவது சாட்சி. படம் இத்துடன் வருகிறது. முத்திரையைக் குத்து.

மருதையன்


ஐதராபாத்,
12-7-1984

மாமாவுக்கு,

சான்றிதழ் இத்துடன். தாசில்தாருக்கு ஒரு நகல் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. இன்னொரு நகல் வாத்தியாருக்கு. அதை அவர் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார். கடைசி வரி வரைக்கும்.

அதில் உள்ளதை உங்களுக்காக எளிமையாகச் சொல்கிறேன். மடித்துப் பிடிக்க வேண்டாம், உங்கள் முன் கூட்டம் இல்லை.

கல்லுக்கு வயது இருநூற்றைம்பது கோடி வருஷம். மணலுக்கு வயது ஆறு வருஷம் எட்டு மாசம். மணல் அடுக்கைக் கல்லின் குழி வெட்டியிருக்கிறது. ஆகவே புயல் மணல் வந்த பிறகுதான் அந்த இடத்தில் குழி தோண்டிக் கல்லை நட்டிருக்கிறார்கள். தோண்டியபோது உடைந்த மணல்தான் அடியில் கட்டி கட்டியாகக் கிடக்கிறது. வெள்ளம் யாருக்கும் மரியாதை கொடுக்காது, மாமா. உங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது.

மேற்கே பத்தடியில், புயலன்று கல் நின்றுகொண்டிருந்தது. அதனால் அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் மணல் படியவில்லை. பிறகு யாரோ கல்லைப் பிடுங்கி ஓட்டையைக் களிமண்ணால் அடைத்திருக்கிறார்கள். சதுரமாக வளை தோண்டும் எலியைப் பற்றி நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

நான் ஏமாற்றவில்லை. விதிகளை முன்கூட்டியே எழுதி அனுப்பினேன். நீங்கள் அதையும் படிக்க மாட்டீர்கள் என்பதுதான் என் கணிப்பு. இருபத்தாறு வருஷம் உங்களைக் கவனித்ததில் வந்தது அது.

இனி நீங்கள் எனக்கு எழுத வேண்டியதில்லை.

அமுதம்


போலகம்,
27-7-1984

அமுதம்,

எழுத வேண்டாம் என்றாய். நீ என்ன என்னைத் தடுக்கிறது? உட்கார முடியவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்து அப்படித்தான் இருக்கும்.

நேற்று தாசில்தார் வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், காற்றடித்தால் வாய்க்காலுக்குள் விழுந்துவிடுவார். உன் காகிதத்தை எல்லார் முன்னாலும் வாசித்தார். நான் கலங்கிப்போவேன் என்றுதானே நினைத்தாய்? உன் கடிதம் வந்த அன்றைக்கே நான் பதில் தயார் செய்துவிட்டேன். ஐதராபாத்தில் இருந்துகொண்டு போலகத்துக்காரனை மடக்க முடியுமா?

"புயலுக்கு அப்புறம் கல்லு எடம் மாறியிருக்கு, சரி" என்றார். "ஆனா யாரு மாத்துனதுன்னு இதுல இல்லியே?"

"செல்லையந்தாங்க" என்றேன். "எழுபத்தெட்டுல. ரெண்டு பேரும் ஒத்துப் பேசி. அவனே நாலு ஆள வச்சுத் தூக்கி நட்டான்."

செத்தவன் வந்து இல்லை என்பானா? பூவாயி "அய்யோ, இல்லிங்க, இல்லிங்க" என்றாள். அவளிடம் காகிதம் உண்டா, சாட்சி உண்டா? வாத்தியார் ஏதோ சொல்ல வந்தார். தாசில்தார் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"ஒத்துப் பேசி மாத்துனதுன்னா கல்லு இப்ப நிக்கற எடத்துலயே நிக்கட்டும்னுதான் நான் எழுத முடியும்" என்றார். பேனாவைத் திறந்துவிட்டார். அமுதம், நீ தோற்றாய். உன் யுரேனியமும் ஈயமும் தோற்றன. பூவாயி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஆள் அத்தோடு எழுதிவிட்டுப் போயிருக்கலாம். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவரு தனியா மாத்துனாருன்னு இந்தம்மா சொல்றது நம்பற மாதிரியா இருக்கு? இந்த ஒடம்ப வச்சுகிட்டு இந்தக் கல்ல அசைக்கவே முடியாதே."

கூட்டம் சிரித்தது. பூமிநாதன், என் கடன் டீயை ஊற்றி ஊற்றி வளர்ந்தவன், "அவரு டம்ளரயே ரெண்டு கையாலதான் புடிப்பாருங்க" என்றான். அதற்கும் சிரித்தார்கள். முத்தையனும் சிரித்தான். என் மகன்.

"எவன்டா முடியாதுன்னது?" என்றேன். "நான் ஒருத்தனே பேத்தேன். ஒருத்தனே தோள்ல வச்சேன். ஒருத்தனே கொண்டாந்து நட்டேன். எண்பதுல, தை மாசம். எவனும் ஒரு கை புடிக்கல!"

சத்தமாகத்தான் சொன்னேன். அக்கரையில் நின்றவனுக்கும் கேட்டிருக்கும். பிறகு யாரும் சிரிக்கவில்லை. தாசில்தார் அதை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, "அப்ப நீங்களே ஒருத்தரா திருப்பி வச்சிருங்க" என்றார்.

வைத்தேன். எண்பதில் ஓர் எருமையும் கயிறும் கொஞ்சம் ஒத்தாசை செய்தன என்பதை இப்போது சொல்லி என்ன பயன்? ஐந்தடி வரை நான் தனியாகத்தான் தூக்கிப் போனேன். வேண்டுமானால் நாலு என்று வைத்துக்கொள். அப்புறம் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. கல் நழுவியது. சுற்றி நின்ற ஆம்பிளைகள் ஒருவனும் அசையவில்லை. பூவாயிதான் ஓடிவந்து மறுபக்கம் கை கொடுத்தாள்.

"வுடாதீங்கண்ணே, கால்ல போட்டுக்கப் போறீங்க."

மிச்ச தூரம் இரண்டு பேருமாகத் தூக்கிப் போனோம். அவள் கைதான் கீழே இருந்தது. அந்தச் சதுர ஓட்டையைத் தோண்டி எடுத்துக் கல்லை இறக்கினால், அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. அவள் மண்ணைத் தள்ளி மிதித்தாள். என்னைப் பார்க்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மடையை வெட்டிவிட்டாள். சாயங்காலத்துக்குள் மூன்று மாவும் நனைந்துவிட்டது. இன்றைக்கு உழுகிறாள்.

கல்லை நட்ட காலம், கல்லை நட்ட காலம் என்று இரண்டு கடிதம் எழுதினாயே. எழுதிக்கொள்: 1984 ஜூலை 26, வியாழக்கிழமை, பகல் பதினொன்றரை மணி. நட்டவர்கள் இரண்டு பேர்.

மருதையன்